கெவின் மூர்: விரல்களை நம்பாத கீபோர்டு கலைஞர்

மெட்டல் இசைக்குழுவில் கீபோர்டு வாசிப்பவரின் இடம் எப்போதுமே கொஞ்சம் சங்கடமானது. கித்தார் இருக்கிறது, பேஸ் இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது, கத்துவதற்கு ஒரு ஆள் இருக்கிறார். மிச்சம் எங்கே இடம்?

இதை ரசனை சார்ந்த கேள்வி என்று மட்டும் பார்க்க முடியாது. இதில் இயற்பியலும் இருக்கிறது. டிஸ்டார்ஷன் ஏற்றிய கித்தாரில் ஒரு கம்பியை மீட்டினால், அந்த ஒற்றை ஸ்வரத்தோடு அதன் மடங்குகளாக வரும் மேலொலிகளும் பெருகி வந்து, காது கேட்கும் பரப்பின் நடுப்பகுதியை மொத்தமாக அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மெட்டல் கித்தாரிஸ்டுகள் பெரும்பாலும் பவர் கார்டு வாசிக்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால் ச-வும் ப-வும் மட்டும். நடுவே காந்தாரத்தைச் சேர்த்தால் ஒலி கலங்கிச் சேறாகிவிடும். ஏற்கெனவே நிரம்பி வழியும் இந்தச் சுவருக்கு முன்னால் ஒரு கீபோர்டை வைத்து, "நீயும் ஏதாவது வாசி" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

வரலாற்றில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, கித்தாருக்குப் பின்னால் வயலின் கூட்டம் போல நீளமான ஒலிகளைப் படரவிட்டு, சுவருக்கு வண்ணம் பூசுவது. இன்னொன்று, கித்தாரோடு மல்லுக்கு நிற்பது. டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை கித்தாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, அதையும் உறும வைத்தார். நீ கத்தினால் நானும் கத்துவேன் என்கிற வழி அது. ட்ரீம் தியேட்டரின் இப்போதைய கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ருடெஸ் இந்த மரபின் உச்சம். ஒன்பது வயதில் ஜூலியர்ட் இசைப்பள்ளியில் சேர்ந்தவர். கித்தார் ஓடும் வேகத்துக்கு ஒரு அடி முன்னால் ஓடக்கூடியவர்.

அதே குழுவில் அவருக்கு முன்பு இருந்த கெவின் மூர், இரண்டையும் விட்டு மூன்றாவது வழியைத் தேடினார். அந்த வழி மின்னணு இசையிலிருந்து வந்தது. அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

மின்னணு இசையின் தாக்கம் என்றதும் பலருக்கு நினைவு வருவது கருவிகள்: புதுப்புது சிந்தசைசர்கள், விண்வெளிச் சத்தங்கள், விளக்கு மினுக்கும் பெட்டிகள். அது மேற்பூச்சு. ருடெஸும் இளவயதிலேயே சிந்தசைசரால் ஈர்க்கப்பட்டு செவ்வியல் பியானோ பாதையை விட்டு விலகியவர்தான். ஆனால் அவர் கையில் சிந்தசைசர் இன்னொரு பியானோ. அதாவது இன்னும் அதிகம் வளையும், இன்னும் அதிகம் மின்னும் பியானோ. விரல் ஓடினால்தான் இசை என்ற அடிப்படை அங்கே மாறவில்லை.

மின்னணு இசை கொண்டுவந்த உண்மையான மாற்றம் வேறு. 1948இல் பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியேர் ஷேஃபர், ரயில் ஓசைகளைப் பதிவுசெய்து, வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு படைப்பை உருவாக்கினார். அதில் யாரும் எதையும் 'வாசிக்கவில்லை'. ஏற்கெனவே உலகத்தில் இருக்கும் ஒலியைத் தேர்ந்தெடுப்பது, இடம் மாற்றி வைப்பது, மீண்டும் கேட்க வைப்பது, இவைதான் அங்கே படைப்புச் செயல். இசைக்கலைஞன் வாசிப்பவன் என்ற நிலையிலிருந்து கேட்பவன் என்ற நிலைக்கு மாறினான். பிற்பாடு பிரையன் ஈனோவின் ஆம்பியண்ட் இசையும், ஹிப்ஹாப்பின் சாம்பிள்களும், தொண்ணூறுகளின் ட்ரிப்ஹாப்பும் வெவ்வேறு திசைகளில் விரித்தெடுத்தது இதே சிந்தனையைத்தான். கெவின் மூர் மெட்டலுக்குள் கொண்டுவந்தது இந்தக் 'கேட்பவனை'.

ட்ரீம் தியேட்டரின் 1992 ஆல்பமான 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' கேட்டவர்களுக்கு மூர் ஒரு திறமையான வாசிப்பாளர் என்பது தெரியும். வேகமாக வாசிக்கத் தெரியாததால் மெதுவான இசைக்குப் போனவர் இல்லை அவர். குழுவை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய 'புல் மீ அண்டர்' பாடலின் வரிகளை எழுதியவரும் அவர்தான். ஹாம்லெட்டின் மனநிலையில் நின்று எழுதிய வரிகள். அதே ஆல்பத்தில் 'வெயிட் ஃபார் ஸ்லீப்' என்றொரு சின்னப் பாடல் உண்டு. சுமார் இரண்டரை நிமிடம், பியானோவும் குரலும்தான் பிரதானம். எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று ஓடும் பாடல்களுக்கு நடுவே அது ஒரு காலி அறை மாதிரி இருக்கும். 'டேக் த டைம்' பாடலின் தொடக்கத்தில் ஹிப்ஹாப் பாணியில் வெட்டி ஒட்டிய குரல் துண்டுகள் வந்துபோகும். அப்போது அவை விளையாட்டு போலத்தான் தோன்றும்.

இரண்டு வருடம் கழித்து, 1994 அக்டோபரில் 'அவேக்' வந்தது. நைன் இன்ச் நெயில்ஸின் 'த டவுன்வர்ட் ஸ்பைரல்', போர்டிஸ்ஹெட்டின் 'டம்மி' ஆகியவையும் வெளிவந்த வருடம் அது. பாறைபோன்ற கித்தாரும் இயந்திரத் தாளமும் ஒரே உடம்பில் இருக்கலாம், பழைய பதிவுகளின் கீறல் சத்தமே ஒரு உணர்ச்சியாக முடியும் என்பதெல்லாம் அந்த வருடக் காற்றில் இருந்தது. மூர் இவற்றையெல்லாம் கேட்டாரா என்று துப்பறிவது எனக்கு முக்கியமில்லை. 'அவேக்' ஆல்பத்தில் அவர் செய்திருப்பது அந்தக் காற்றைச் சுவாசித்த ஒருவரின் வேலை.

அதற்கு இரண்டு சான்றுகளைச் சொல்கிறேன். இரண்டும் இலக்கிய வாசகர்களுக்கு நெருக்கமானவை.

முதலாவது, ஆல்பத்தின் முதல் பாடல் '6:00'. இதில் பாட்டுக்கு நடுவே ஒரு பெண்குரல் உரையாடல் கேட்கும். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'த டெட்' கதையை ஜான் ஹஸ்டன் 1987இல் படமாக்கினார். அந்தப் படத்திலிருந்து எடுத்த துண்டு அது. 'டப்ளினர்ஸ்' தொகுப்பை வாசித்தவர்களுக்கு அந்த இடம் நினைவிருக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் ஆண்டுக்கணக்கில் உழைத்த சகோதரி ஜூலியாவைப் பற்றி கேட் அத்தை பொருமுகிறாள். கிறிஸ்துமஸ் விடியற்காலையிலும் எழுந்து ஓடினாளே, எல்லாம் எதற்காக என்பது அவள் ஆதங்கம். கடவுளின் பெருமைக்காக இல்லையா என்று பதில் வருகிறது. பெண்களைப் பாடகர் குழுவிலிருந்து விலக்கச் சொன்ன போப்பின் முடிவுதான் அவள் கோபத்துக்குக் காரணம்.

ஒரு மெட்டல் பாட்டில் இதற்கு என்ன வேலை? கதையில் அது முதுமையும் மதமும் கலந்த ஒரு குடும்பச் சச்சரவு. பாட்டில் அந்தச் சூழல் எல்லாம் உதிர்ந்துபோய், ஒரு இசைக்கலைஞரின் உழைப்பு எதற்கு, யாருக்கு என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. அதைச் சுற்றிலும் மிகக் கடினமாக உழைக்கும் ஐந்து இசைக்கலைஞர்கள் சத்தம் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆல்பத்தின் வேலை முடியும் கட்டத்தில்தான் மூர் குழுவை விட்டு விலகினார் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது, அந்தத் துண்டு வேறு மாதிரி ஒலிக்கிறது. அவர் அதைத் தன்னைப் பற்றிய குறிப்பாக வைத்தார் என்று நான் சொல்லவில்லை. சாம்பிளின் இயல்பே அதுதான். எங்கிருந்தோ வெட்டப்பட்ட குரல், வந்து சேர்ந்த இடத்தில் புதிதாக வேர்விடும்.

இரண்டாவது, ஆல்பத்தின் கடைசிப் பாடல் 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்'. இது முழுக்க மூரின் பாடல். ஒரு துணிக்கடைக் கேட்டலாக்கில் பார்த்த மாடல் பெண்ணின் படத்திலிருந்து பிறந்தது. ஸ்பேஸ்-டை என்பது ஒரே நூலில் இடைவெளி விட்டு வெவ்வேறு சாயம் ஏற்றும் முறை. அந்த நூலில் பின்னிய உடுப்பைப் போட்டிருக்கும், பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின் மேல் ஒருவன் மனம் போய் ஒட்டிக்கொள்கிறது. நிஜமான ஒருத்தியிடம் தோற்றவன் படத்தில் இருப்பவளிடம் போகிறான் என்று நான் வாசிக்கிறேன்.

இதில் வரும் ஒரு குரல், ஈ. எம். ஃபார்ஸ்டரின் 1908 நாவலான 'எ ரூம் வித் எ வியூ' படமாக்கப்பட்டபோது, 1985இல் வெளிவந்த அந்தப் படத்தில் பேசப்பட்டது. நாயகிக்கு நிச்சயிக்கப்பட்டவனைப் பற்றி ஜார்ஜ் குற்றஞ்சாட்டும் இடம். யாரையும், அதிலும் ஒரு பெண்ணை, நெருங்கி அறிய முடியாதவன் அவன் என்பது குற்றச்சாட்டு. படத்தில் இதைச் சொல்பவன் காதலன், சொல்லப்படுபவன் எதிராளி. பாட்டிலோ அந்தக் குற்றச்சாட்டு பாடுபவன் மேலேயே வந்து விழுகிறது. ஒரு கேட்டலாக் படத்தைக் காதலிப்பவனைவிட 'நெருங்கி அறிய முடியாதவன்' வேறு யார்? தன்னைப் பற்றித் தானே சொல்லத் துணியாத ஒரு தீர்ப்பை, மூர் இன்னொருவர் குரலில் தனக்கே வழங்கிக்கொள்கிறார். வரிகளில் இதை எழுதியிருந்தால் தன்னிரக்கமாகியிருக்கும். தூரத்தில் யாரோ டிவியில் பேசுவதுபோல வருவதால் அது வலிக்கிறது.

இசையைப் பாருங்கள். ஒரு பியானோ வடிவம், ஏறக்குறைய லூப் போலத் திரும்பத் திரும்ப வருகிறது. ஏழரை நிமிடப் பாட்டில் கித்தார் கனமாக இறங்க ரொம்ப நேரம் ஆகிறது. இறங்கும்போதும் சோலோ கிடையாது. தாளமாற்ற சாகசம் கிடையாது. மற்ற பாடல்களில் நான்கைந்து பாடல்களுக்கான யோசனைகளை ஒரே பாட்டில் திணிக்கும் குழு, இங்கே ஒரே யோசனையோடு உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பாட்டை முதன்முதலில் ஒரு நண்பனுக்குப் போட்டுக் காட்டியபோது, "என்னடா, டிவியை ஆஃப் பண்ணாமலே ரெக்கார்ட் பண்ணிட்டானுங்களா?" என்று கேட்டான். கிண்டலாகச் சொன்னாலும் அது சரியான விமர்சனம்தான். ஆஃப் செய்யாத டிவியின் முன்னால் தனியாகக் கிடக்கும் ஒருவனின் அறைதான் அந்தப் பாட்டு.

குழுவை விட்டபின் மூர் போன பாதையைப் பெயர்களே சொல்லிவிடும். தன் சொந்த முயற்சிக்கு 'க்ரோமா கீ' என்று பெயர் வைத்தார். பச்சைத் திரைக்கு முன் படமெடுத்து, பின்னணியை மாற்றும் தொழில்நுட்பம் அது. 1998இல் வந்த முதல் ஆல்பம் 'டெட் ஏர் ஃபார் ரேடியோஸ்'. ஒலிபரப்பில் யாரும் பேசாமல், எதுவும் ஓடாமல் விழும் வெற்றிடத்தை வானொலிக்காரர்கள் 'டெட் ஏர்' என்பார்கள். வானொலி நிலையத்துக்கு அது விபத்து. மூருக்கோ அதுதான் கச்சாப்பொருள். பொறியியல் படித்தவனாக எனக்கு இது சுவாரசியமான தலைகீழ். எங்கள் பாடத்தில் சிக்னல் என்பது வேண்டியது, நாய்ஸ் என்பது வடிகட்ட வேண்டியது. மூரின் இசையில் வடிகட்டியில் தங்கியதுதான் முக்கியம்: டேப்பின் இரைச்சல், தொலைபேசிக் குரல், அறையின் காற்று.

2000களின் தொடக்கத்தில் கோஸ்டாரிகாவில் இருந்த 'ரேடியோ ஃபார் பீஸ் இன்டர்நேஷனல்' என்ற வானொலிக்காக அவர் நிகழ்ச்சிகள் தயாரித்தார். ஷேஃபர் தொடங்கிய இடத்துக்கே, ஒரு வானொலி நிலையத்துக்கே, இந்த மெட்டல் கலைஞர் போய்ச் சேர்ந்தது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. 2004இல் 'கிரேவ்யார்ட் மவுண்டன் ஹோம்' வந்தது. தாயை இழந்த ஒரு பையனைப் பற்றி 1955இல் எடுத்த 'ஏஜ் 13' என்ற அமெரிக்கக் கல்விப் படத்தைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அதற்குப் பின்னணியாக அவர் அமைத்த இசை இது. ஒழுக்கம் போதிக்க எடுத்த படம் வேகம் குறைந்ததும் துக்கத்தைப் பற்றிய படமாகிவிடுகிறது. புதிதாக ஒரு காட்சிகூடச் சேர்க்கவில்லை. நேரத்தை மட்டும் மாற்றினார்.

இதற்கிடையே அவர் மெட்டலை முற்றாகக் கைவிடவும் இல்லை. ஃபேட்ஸ் வார்னிங் குழுவின் கித்தாரிஸ்ட் ஜிம் மத்தியோஸுடன் சேர்ந்து தொடங்கிய திட்டம் ஓ.எஸ்.ஐ. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளிநாட்டுப் பொதுக்கருத்தை வளைக்க ஒரு அலுவலகம் திறந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில மாதங்களில் மூடியது. அதன் பெயர்ச்சுருக்கம்தான் இது. 2003இல் வந்த முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் அதே ட்ரீம் தியேட்டரின் மைக் போர்ட்னாய். மத்தியோஸும் அவரும் பதிவுசெய்த பகுதிகளை மூர் கணினியில் எடுத்து வெட்டினார், சுருக்கினார், அடுக்கி மாற்றினார். போர்ட்னாய்க்கு இதில் மகிழ்ச்சி இல்லை என்பது அவரே வெளிப்படையாகப் பேசிய விஷயம். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. உடம்பு வலிக்க வாசித்ததை இன்னொருவர் மவுஸால் வெட்டுகிறார். ஆனால் அந்த ஆல்பத்தின் அழகே அந்த வெட்டில்தான் இருக்கிறது. கனமான ரிஃப் வரும், நாம் தலையாட்டத் தயாராவோம், திடீரென்று அது நின்று ஒரு சன்னமான எலக்ட்ரானிக் துடிப்பும், கிட்டத்தட்டப் பேசும் தொனியில் மூரின் குரலும் மட்டும் மிஞ்சும். மெட்டல் அங்கே கோபத்தின் மொழியாக இல்லை. செய்தியில் கேட்ட ஏதோ ஒரு பயங்கரம், இரவில் தூங்கப் போகும்போது மண்டைக்குள் மறுபடி ஓடுவதுபோல இருக்கிறது.

மூரைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பமில்லை. அவர் முறைக்கு எல்லைகள் உண்டு. அவர் குரலின் வீச்சு குறுகியது. நெருக்கமாக ஒலிக்கும் அதே குரல் நான்கு பாடல்களுக்குப் பிறகு அக்கறையில்லாதவன் குரல்போல ஆகிவிடுகிறது. ஓ.எஸ்.ஐ.யின் பிந்தைய ஆல்பங்களில், 2009இன் 'பிளட்', 2012இன் 'ஃபயர் மேக் தண்டர்' இரண்டிலும், ரிஃப்-மௌனம்-ரிஃப் என்ற அமைப்பு எதிர்பார்க்கக்கூடிய சூத்திரமாகிவிட்டது. அதிர்ச்சியாக இருந்த வெட்டு பழக்கமாகிவிட்டது. இன்னொன்று, சாம்பிள் ஒரு நல்ல ஒளிவிடமும்கூட. எப்போதும் மற்றவர் குரலிலேயே துயரத்தைச் சொல்பவரிடம், "சரி, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்கத் தோன்றுகிறது. 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' தப்பித்தது ஏனென்றால், அங்கே கடன் வாங்கிய குரல் அவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. பிற்காலப் பாடல்கள் பலவற்றில் அது வெறும் சூழலாகத் தேங்கிவிடுகிறது.

ஆனாலும் இவர் நமக்கு ஏன் முக்கியம் என்று நினைக்கிறேன் தெரியுமா? நம் சூழலில் இசை என்றால் திறமை. பிள்ளையை கீபோர்டு கிளாஸில் சேர்த்தால் எந்த கிரேடு என்றுதான் கேட்கிறோம். மேடையில் யார் வேகமாக வாசித்தாலும் கைத்தட்டுகிறோம். கணினியில் செய்த இசை என்றால், "அதுல என்ன இருக்கு, மிஷின் தானா பண்ணுது" என்று ஒதுக்குகிறோம். எழுத்திலும் இதே கதைதான். தெரிந்த உவமை எல்லாவற்றையும் ஒரே பத்தியில் இறக்குபவரை மொழி ஆளுமை கொண்டவர் என்கிறோம். இரண்டு இடத்திலும் நாம் அளப்பது உழைப்பின் அளவை. எதைத் தேர்ந்தெடுத்தார், எதை விட்டார், எவ்வளவு கூர்ந்து கேட்டார் என்பதை அளக்க நம்மிடம் சொற்கள் குறைவு. அந்தச் சொற்களை உருவாக்குவதுதான் விமர்சனத்தின் வேலை என்று நம்புகிறேன்.

ட்ரீம் தியேட்டர் 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' பாடலை இருபது ஆண்டுகள் மேடையில் வாசிக்கவில்லை. 2014 சுற்றுப்பயணத்தில்தான் முதன்முதலாக வாசித்தார்கள். பாஸ்டனில் பதிவுசெய்த அந்த நிகழ்ச்சியைப் பார்க்கலாம். கீபோர்டில் ருடெஸ். உலகிலேயே வேகமான விரல்களில் பத்து அவருடையவை. அவற்றுக்கு அந்தப் பாட்டில் பெரிதாக வேலையே இல்லை. அந்த எளிய பியானோ வடிவத்தை அவர் மரியாதையோடு, எதையும் கூட்டாமல் வாசிக்கிறார். மூரின் மீது எழுதப்பட்ட மிகச் சிறந்த விமர்சனம் அந்த வாசிப்பு என்றே எனக்குப் படுகிறது.

புதிதாகக் கேட்க விரும்புபவர்கள் முதலில் 'வெயிட் ஃபார் ஸ்லீப்', பிறகு 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்', அதன்பின் 'டெட் ஏர் ஃபார் ரேடியோஸ்' முழுதும், கடைசியாக ஓ.எஸ்.ஐ.யின் முதல் ஆல்பம் என்ற வரிசையில் போகலாம். இரவில், ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் முறை ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். இரண்டாம் முறை, பின்னால் யாரோ பேசிக்கொண்டிருப்பது கேட்கும்.